வெள்ளை ஷூ படுத்தும் பாடு

திருச்சியில் புழுதி இல்லாத தெரு எது என்று யாராவது கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். ஸ்ரீரங்கத்திலோ, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மணலுக்குப் பஞ்சமே கிடையாது. இந்த ஊரில் குழந்தைகளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது வெள்ளைச் சீருடை, வெள்ளை ஷூ! டிரில்லுக்கு முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு, "அம்மா, என் ஷூ!" என்று குரல் கிளம்புவதும், அம்மாவின் முகம் போகிற போக்கும் நீங்கள் அறியாததல்ல.

1931-ல் இந்தியாவில் கடை விரித்த பாட்டா கம்பெனி, 1936-ல் நம் பள்ளிப் பிள்ளைகளின் தேகப்பயிற்சிக்கென்றே 'பாட்டா டென்னிஸ்' கான்வாஸ் ஷூவைத் தயாரித்ததாகச் சொல்கிறது. வெள்ளை என்பது டென்னிஸ்காரர்களின் பழக்கம். விம்பிள்டனில் இன்றைக்கும் வெள்ளைதான் உடுத்த வேண்டும். அங்கே பச்சைப் புல்தரை, அவர்களுக்கென்ன!

நம்மில் பலர் செய்வது, அழுக்கின் மேலேயே வெள்ளை பாலிஷைப் பூசிவிடுவது. அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். நான்கு பூச்சு ஏறியதும் பழைய சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி வெடித்து உதிரும். பாலிஷ் என்பது வெள்ளைப் பொடியைப் பசையில் குழைத்ததுதானே? அடியில் புழுதி இருந்தால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

முதலில் நாடாவையும் உள்ளே போடும் அட்டையையும் எடுத்துவிடுங்கள். காய்ந்த பிரஷ்ஷால் புழுதியைத் தட்டுங்கள். எடுத்தவுடன் தண்ணீரில் போட்டால் புழுதி சேறாகித் துணிக்குள் இறங்கிவிடும். பிறகு பார் சோப்பும் பழைய பல் பிரஷ்ஷும் போதும். வெகு நேரம் ஊற வைக்காதீர்கள், ஒட்டுப் பசை விட்டுக்கொள்ளும். ரப்பர் ஓரத்துக்கு ஈரத்துணியில் கொஞ்சம் ஆப்ப சோடா தொட்டுத் தேய்த்தால் கருப்பு போகும்.

அலசுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. துணியில் தங்கிவிட்ட சோப்பே பின்னால் மஞ்சளாகத் தெரிகிறது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு திரிந்து ஒட்டிக்கொள்ளும். கடைசி அலசலுக்காவது குழாயில் வரும் காவிரித் தண்ணீரை எடுத்து வையுங்கள். வெளுக்கட்டுமே என்று பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் உண்டு. தண்ணீரில் இரும்புச் சத்து இருந்தால் அது துருவாக மாறி, வெள்ளைக்குப் பதில் காவி ஏறும்.

காய வைப்பதிலும் ஒரு வழி உண்டு. ஈரம் மேலே வந்து ஆவியாகும்போது உள்ளே இருக்கும் கறையையும் இழுத்துக்கொண்டு வரும். ஆகவே ஈர ஷூவைச் சுற்றி வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஒட்டினாற்போல் சுற்றி நிழலில் வையுங்கள். மஞ்சள் கோடு பேப்பருக்குப் போய்விடும். நியூஸ் பேப்பரை உள்ளே திணிக்கலாம். வெளியே சுற்றினால் தலைப்புச் செய்தி ஷூவில் வந்துவிடும்!

ஸ்ரீரங்கத்து வாசகி ஒருவருக்கு ஒரு சந்தேகம்: "நாமக்கட்டியைக் குழைத்துப் பூசினால் என்ன?" யுக்தி தவறில்லை. அந்தக் காலத்துப் பட்டாளக்காரர்கள் இடுப்பு வாருக்கு வெள்ளைக் களிமண்தான் பூசினார்கள். நாமக்கட்டியும் வெள்ளைக் களிமண்தான். ஜடேரி கிராமத்து நாமக்கட்டி 2023-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. ஆனாலும் அம்மணி, நெற்றிக்கு உரியதைக் காலுக்குப் போட்டால் மாமியார் சும்மா இருப்பாரா? அவசரத்துக்குப் பள்ளிக்கூடத்துச் சாக்கட்டி இருக்கவே இருக்கிறது. ஒரு கறையை மறைக்க அதுவே தாராளம்.

ஐப்பசி அடைமழையில் இத்தனை யோசனையும் பலிக்காது. அப்போது ஈர ஷூவை மாட்டி அனுப்பாதீர்கள். நாள் முழுக்க ஈரத்தில் ஊறினால் விரல் இடுக்கில் புண் வரும். செருப்போடு அனுப்பி, டீச்சருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். இதைப் படிக்கும் ஆசிரியைகளுக்கும் ஒரு வார்த்தை: அநேக வீடுகளில் ஒரு குழந்தைக்கு ஒரு ஜோடிதான். சில வீடுகளில் அக்கா போட்டதைத்தான் தங்கை போடுகிறாள். ஷூ வெளுப்பாக இல்லை என்று வரிசையை விட்டு வெளியே நிறுத்துமுன், முந்தின நாள் மழை பெய்ததா என்று நினைத்துப் பாருங்கள். குழந்தை அதை வீட்டில் வந்து சொல்லாது. மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே துவைத்துவிட்டால் திங்களுக்குள் நிதானமாகக் காயும். எட்டு வயசுக்கு மேல் அவரவர் ஷூவை அவரவரே தேய்க்கட்டும். பையன் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்க, அவன் ஷூவுக்கும் சேர்த்துத் தங்கை பாலிஷ் போடுகிற வழக்கம் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

புதிதாக வாங்கும்போது தடவிப் பாருங்கள். இப்போது வரும் வெள்ளை ஷூக்களில் பல துணியே அல்ல, ரெக்ஸின் மாதிரி. அதில் பாலிஷ் ஒட்டாது. ஈரத்துணியால் துடைத்தால் வேலை முடிந்தது.