கதாசிரியர் நம்மை ஏமாற்றினாரா?

ஒரு நாவலைப் படித்து முடித்தவர் கதை சுவையாக இல்லை என்பார், நீண்டுவிட்டது என்பார், நம்பும்படி இல்லை என்பார். "ஆசிரியர் என்னை ஏமாற்றிவிட்டார்" என்று சினம் கொள்வது அரிது. 1926ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த 'ரோஜர் அக்ராய்டு கொலை' என்னும் துப்பறியும் நாவலுக்கு அந்த அரிய வரவேற்பு கிடைத்தது. எதிரணியினர் விதியை மீறி வென்றதைப் போல, வாசகருள் ஒரு சாரார் அதன் ஆசிரியர் அகதா கிறிஸ்டி மீது குற்றம் சாட்டினர். மற்றொரு சாரார் அதே முடிவுக்காகவே அவரைக் கொண்டாடினர். ஏறத்தாழ நூறாண்டு கடந்தும் இவ்வழக்கு முற்றிலும் தீரவில்லை. நான் ஆசிரியரின் பக்கம் நிற்கிறேன். ஆயினும் இதைப் படிப்போருள் பலர் அந்நாவலை இன்னும் படித்திருக்கமாட்டீர்கள். ஆகவே கொலையாளியின் பெயரை இங்கே கூறப் போவதில்லை.

கதை நிகழும் இடம் கிங்ஸ் அபாட் என்னும் கற்பனைச் சிற்றூர். அவ்வூரில் ஒரு தொடர்வண்டி நிலையம், ஓர் அஞ்சலகம், ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு கடைகள் உள்ளன. ஓய்வுபெற்ற படை அதிகாரிகளும் மணமாகாத முதிய பெண்களும் மிகுதி. எல்லாருக்கும் பொதுவான பொழுதுபோக்கு, அடுத்தவரைப் பற்றிப் பேசுவதே. அவ்வூர்ச் செல்வர் ரோஜர் அக்ராய்டு ஒரு நாள் இரவு தம் படிப்பறையில் குத்திக் கொல்லப்படுகிறார். புகழ்பெற்ற துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோவோ தொழிலைத் துறந்து, அதே ஊரில் சுரைக்காய் பயிரிட்டுக்கொண்டிருக்கிறார்! மீண்டும் தம் தொழிலுக்கு அவர் அழைக்கப்படுகிறார்.

இந்நாவலில் என் மனத்தில் முதலிடம் பெறுபவர் புவாரோ அல்லர். ஊர் மருத்துவரின் உடன்பிறந்தவரான கரோலின். அவர் வீட்டைவிட்டு அதிகம் வெளியே செல்வதில்லை. ஒரு வீட்டுச் சமையற்காரர் பால்காரரிடம் சொல்வார். பால்காரர் கரோலின் வீட்டுப் பணிப்பெண்ணிடம் சொல்வார். காலை உணவு முடிவதற்குள் ஊர்ச் செய்தி முழுவதும் கரோலினிடம் வந்து சேர்ந்துவிடும். திருமதி ஃபெரர்ஸ் என்பவர் தம் கணவருக்கு நஞ்சிட்டார் என்று கரோலின் தொடக்கத்திலிருந்தே கூறி வருகிறார். வம்புப் பேச்சு என்று மருத்துவர் அதனைத் தள்ளிவிடுகிறார். பின்னர் அதுவே உண்மை என்று தெரியவருகிறது. வம்பு பேசுவோரை நாம் இழிவாக எண்ணுகிறோம். அப்பேச்சுக்குப் பின்னால் கூர்ந்த நோக்கும் நினைவாற்றலும் இருக்கக்கூடும் என்பதைக் கிறிஸ்டி கண்டுகொண்டார். 1928இல் இந்நாவல் நாடகமாக்கப்பட்டபோது கரோலினை நீக்கி, அவருக்குப் பதிலாக ஓர் இளம்பெண்ணைச் சேர்த்தனர். அது கிறிஸ்டிக்கு வருத்தம் அளித்தது. செயின்ட் மேரி மீட் என்னும் சிற்றூரில் வாழும் மிஸ் மார்பிள் என்னும் முதிய துப்பறிவாளர் கரோலினிடமிருந்து பிறந்திருக்கலாம் என்று அவரே தம் தன்வரலாற்றில் கூறியுள்ளார். நாடகக்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பாத்திரம் வேறொரு வடிவில் உலகப் புகழ் பெற்றது என்பதில் எனக்குச் சிறு மகிழ்ச்சி உண்டு.

இத்தகைய கதைகள் ஏன் பெருநகரில் நிகழாமல் சிற்றூரில் நிகழ்கின்றன? ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948இல் இதனை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் நிகழாத துப்பறியும் கதையைப் படிப்பதே தமக்குக் கடினம் என்று அவர் ஒப்புக்கொண்டார். இடம் எவ்வளவுக்கெவ்வளவு அமைதியானதோ, அவ்வளவுக்கவ்வளவு அங்கே நிகழும் கொலை பெரும் முரணாகத் தோன்றும் என்பது அவர் கருத்து. நான் இன்னும் ஒன்றைச் சேர்ப்பேன். சிற்றூரில் அனைவரும் அனைவரையும் அறிவர். அறிந்தவரை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கிங்ஸ் அபாட்டில் சில நாள் தங்கிய உணர்வு வந்ததும் வாசகரும் அவ்வூராரைப் போல ஆகிவிடுகிறார். சிலரை ஐயுறுகிறார், சிலரை ஐயுற வேண்டும் என்னும் எண்ணமே அவருக்குத் தோன்றுவதில்லை. ஏமாந்தோம் என்னும் சினத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

ஆசிரியர் நேர்மையாக நடந்துகொண்டாரா என்பதே வழக்கு. துப்பறிவாளர் கண்ட தடயங்களை வாசகருக்கும் காட்ட வேண்டும் என்பது இவ்வகை நாவல்களின் முறை. 1929இல் ரொனால்டு நாக்ஸ் என்னும் எழுத்தாளர் வகுத்த பத்து விதிகளுள் அதுவும் ஒன்று. அந்த அளவுகோலால் அளந்தால் கிறிஸ்டியிடம் குறை காண்பது கடினம். ஒரு நாற்காலி இடம் மாறியிருப்பது போன்ற சிறு செய்திகள்கூட நம் கண்முன் வைக்கப்படுகின்றன. நாம் அவற்றைக் கடந்து செல்கிறோம். எல்லாரையும் ஐயுறுவது வாசகரின் கடமை என்று கூறி, சக எழுத்தாளரான டோரதி சேயர்ஸ் கிறிஸ்டிக்குத் துணைநின்றார். 2013இல் பிரிட்டனின் குற்றப் புனைவு எழுத்தாளர் சங்கத்தினர் இதனையே மிகச் சிறந்த குற்றப் புனைவாக வாக்களித்துத் தேர்ந்தனர். பிரான்சு நாட்டு அறிஞர் பியர் பயார் 1998இல் வேறொரு வழியில் சென்றார்: புவாரோவின் தீர்ப்பே பிழை, கொலையாளி வேறொருவர் என்று ஒரு நூல் முழுவதும் வாதிட்டார்! அவர் வாதம் என்னை இணங்கவைக்கவில்லை. ஆனால் அவ்வாறு வாதிட இடம் தரும் நாவலை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியுமா?

முடியும் என்றார் அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன். அக்ராய்டை யார் கொன்றால் நமக்கென்ன என்று பொருள்படும் தலைப்பில் 1945இல் அவர் எழுதிய கட்டுரை, இவ்வகை நூல்களைப் படிப்பதே வீண்செயல் என்று கடிந்தது. அது கடுமையான தீர்ப்பு. ஆயினும் அத்தலைப்பு என்னைத் தைக்கிறது. கொலையுண்ட அக்ராய்டுக்காக இந்நாவலில் நெஞ்சுருகி அழுவோர் அரியர். சில பக்கங்களுக்குள் அவர் மனிதராக இருந்த நிலை மாறி ஒரு புதிராகிவிடுகிறார். அவருடைய உயில் பேசப்படும் அளவுக்கு அவருடைய இழப்பு பேசப்படுவதில்லை. ஏமாற்றினார் என்னும் குற்றச்சாட்டைவிட இதுவே இந்நாவலின் உண்மையான குறை. நாவலை விரும்புவோர் இதனை மறைக்க வேண்டியதில்லை.

என் தீர்ப்பில் ஒரு சார்பு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளி நாளில் ஒரு நூலகத்திலிருந்து இந்நாவலை எடுத்துச் சென்றேன். முதற் பக்கத்திலேயே, எனக்கு முன் படித்த யாரோ ஒருவர், கொலையாளியின் பெயரைப் பென்சிலால் எழுதி அதன்கீழ் இரு கோடுகள் இட்டிருந்தார். அன்று எனக்கு வந்த சினத்துக்கு அளவில்லை. வேறு நூல் கையில் இல்லாமையால் இதனையே படித்தேன். பிறர் இரண்டாம் முறை படிக்கும்போது காண்பதை நான் முதல் முறையே கண்டேன். ஒவ்வொரு வாக்கியமும் இரு பொருள் தந்து நின்றது. ஒன்றுகூடப் பொய்யாக இல்லை. கிறிஸ்டியின் நேர்மையை நான் நம்பத் தொடங்கியது அவ்வாறுதான். ஆனால் இறுதி இயலில் மற்றவர்கள் அடைந்த திடுக்கிடல் எனக்குக் கிட்டவில்லை, இனியும் கிட்டாது. ஆகவே ஏமாந்தவரின் சினத்தை நான் முழுமையாக உணர்ந்தவன் என்று கூற இயலாது.

நூலைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அப்பெயரை அழிப்பானால் அழித்தேன். கறுப்பு போயிற்று. அழுத்தி எழுதப்பட்டதால் தாளில் பள்ளம் மட்டும் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இன்னும் படிக்கலாம் போலிருந்தது. எனக்கு அடுத்துப் படித்தவர் சாய்த்துப் பார்த்தாரோ என்னவோ.