மரையாணிக்கு யார் சொந்தக்காரர்?

நாவுலயில் ஏ-9 வீதியோரப் பட்டறைகளுக்குப் போகத்துக்கு முன் வரும் கலப்பைகளில் அடிக்கடி பழுதாகும் இடம் ஒன்று உண்டு: கொழுத் தண்டைத் தகட்டோடு பிணைக்கும் மரையாணி. கொழு கல்லில் முட்ட, தண்டு அசைகிறது, தகடு தேய்கிறது, துளை நீள்வட்டமாகிறது. பட்டறைக்காரர் தேய்ந்த துளையை வெல்டிங்கால் அடைத்துப் புதிதாகத் துளையிடுகிறார், தடித்த வொஷர் போடுகிறார், சில வேளை தண்டைத் தகட்டின் மறுபக்கத்துக்கே மாற்றிப் பூட்டுகிறார்.

இந்தக் கடைசி வேலைக்குத்தான் அமெரிக்காவில் வில்லியம் கிரஹாம் 1953இல் காப்புரிமை பெற்றார். அவருடைய 1950ஆம் ஆண்டுப் பிடிப்பானில் தண்டு கீல் தகட்டுக்கு மேலே இருந்தது; அசைவில் மேல்தகடு தேய்ந்தது. ஆகவே தண்டைக் கீழே கொண்டுவந்து, வளையத்தாலும் போல்ட்டாலும் பூட்டினார். இதனால் தண்டு முழு நீளத்துக்கும் தாராளமாக வளைந்து கொடுக்கும் என்பது அவர் தரப்பு பிற்பாடு வைத்த வாதம். ஜோன் டியர் நிறுவனத்துக்கு எதிரான அவருடைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1966 பெப்ரவரி 21ஆம் திகதி தீர்ப்பளித்தது. கலப்பைத் தொழில் தெரிந்த எவருக்கும் இந்த இடமாற்றம் தோன்றியிருக்கும் என்று நீதியரசர் டொம் கிளார்க் எழுத, காப்புரிமை செல்லாமல் போயிற்று.

இந்தியாவில் இதே கேள்வி பித்தளைப் பாத்திரத்தில் வந்தது. மிர்சாபூர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கும் முறையொன்றுக்கு 1951இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. முன்பெல்லாம் அரக்கு வைத்து ஒட்டுவார்கள். சுழலும்போது பாத்திரம் பிய்த்துக்கொண்டு பறந்து தொழிலாளியைக் காயப்படுத்தும். எதிர்முனையிலிருந்து ஒரு தண்டால் அழுத்தினால் அந்த ஆபத்து இல்லை. நல்ல முறைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தண்டு பழைய கருவி. பட்டறையில் செய்துகொள்ளும் சிறு திருத்தத்துக்கு மேல் இதில் ஒன்றுமில்லை என்று 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

இரண்டு தீர்ப்புகளும் நியாயமானவை. கடினமாக உழைத்தவருக்கு உரிமை மறுக்கப்படுகிறதே என்று சிலர் வருந்தலாம். ஆனால் தண்டை மேலிருந்து கீழே மாற்றியதற்கே ஒருவருக்குத் தனியுரிமை கொடுத்தால், மறுநாள் அதே வேலையைச் செய்யும் நூறு பட்டறைக்காரர் குற்றவாளிகளாவார்கள். அவர்களுடைய கைப்பழக்கத்தை அவர்களுக்கே விலைக்கு விற்பதாகிவிடும்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் புதுமை மட்டும் போதாது என்கிறது. அத்துறையில் சாதாரண தேர்ச்சியுள்ளவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். அந்தத் தேர்ச்சியுள்ளவர் யாரென்று தேடும்போது, கொழும்பிலுள்ள காப்புரிமைப் பரிசோதகர்கள் வரைபடங்களோடும் பழைய ஆவணங்களோடும் நின்றுவிடாமல், கலப்பை பழுது பார்ப்பவர்களையும் கேட்க வேண்டும். அவர்கள் செய்தவற்றில் பெரும்பாலானவை எந்த ஆவணத்திலும் ஏறவில்லை.