ஹிராகுட் நீர் யாருக்கு?

புது தில்லி: மகாநதி நீர்ப் பகிர்வு குறித்து ஒடிசாவுக்கும் சத்தீஸ்கருக்கும் இடையே எழுந்த தகராறைத் தீர்க்க மத்திய அரசு 2018-ல் நடுவர் மன்றம் அமைத்தது. இரு மாநிலங்களின் மோதலாகவே தில்லியில் இது பார்க்கப்படுகிறது. சம்பல்பூர் அருகே உள்ள ஹிராகுட் அணையிலோ பிரச்னை வேறு: நீர் வயலுக்கா, ஆலைக்கா?

1957 ஜனவரியில் பிரதமர் நேரு திறந்துவைத்த இந்த அணையின் நோக்கங்கள் மூன்று: வெள்ளத் தடுப்பு, பாசனம், மின் உற்பத்தி. அணைக்காக ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்விடம் இழந்தனர். அணை மின்சாரத்தை நம்பி 1959-ல் அங்கு அலுமினிய ஆலை உருவானது. பின்னர் நிலைமை மாறியது. ஆலைகள் நிலக்கரியை எரித்துச் சொந்தமாக மின்சாரம் தயாரிக்கத் தொடங்கின. இப்போது அவை அணையிடம் கேட்பது மின்சாரத்தை அல்ல, நீரை.

ஆலைகளுக்கு நீர் ஒதுக்கப்படுவதை எதிர்த்து 2007 நவம்பரில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் தடையுத்தரவை மீறி அணைப் பகுதியில் திரண்டனர். போலீஸார் தடியடி நடத்தினர். பாசனப் பங்கிலிருந்து ஆலைகளுக்கு நீர் தரப்பட மாட்டாது என்று அன்றைய முதல்வர் நவீன் பட்நாயக் உறுதியளித்தார்.

மின்சாரத்துக்கான நீர், பாசனத்துக்கான நீர் என்று ஏட்டில் பிரித்து எழுதலாம். ஆனால், நீர்த்தேக்கம் ஒன்றுதான். அதிலும் வண்டல் படிந்து, கொள்ளளவு வெகுவாகக் குறைந்துவிட்டது. பருவமழை பொய்க்கும் ஆண்டில், கடைமடை விவசாயியின் இரண்டாம் போக நெல்லுக்குத்தான் முதலில் ஆபத்து. ஆலைக்கோ ஆண்டு முழுவதும் தடையின்றி நீர் வேண்டும்.

சத்தீஸ்கர் தனது எல்லைக்குள் கல்மா உள்ளிட்ட தடுப்பணைகளைக் கட்டியதால் ஹிராகுட்டுக்கு நீர்வரத்து குறைகிறது என்பது ஒடிசாவின் புகார். அந்தத் தடுப்பணைகளின் நீரும் பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்காகவே. ஆக, அண்டை மாநிலத்தின் மீது ஒடிசா சுமத்தும் அதே குற்றச்சாட்டை ஒடிசா அரசின் மீது அதன் விவசாயிகள் சுமத்துகின்றனர்.

2024 ஜூனில் ஒடிசாவிலும் பாஜக ஆட்சிக்கு வந்தது. சத்தீஸ்கரிலும் மத்தியிலும் ஏற்கெனவே அக்கட்சியின் ஆட்சி. இதனால் சமரசப் பேச்சுக்கு வழி பிறந்தது. 1990-ல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு வழங்க 2007 வரை ஆனதை நினைத்தால், பேச்சுவார்த்தை வரவேற்கத்தக்கதே. ஆனால், இரு அரசுகளும் நீரைப் பங்கிட்டுக்கொள்வதால் மட்டும் சிக்கல் தீராது. தமது பங்கில் வயலுக்கு எவ்வளவு, ஆலைக்கு எவ்வளவு, பற்றாக்குறைக் காலத்தில் யாருக்கு முன்னுரிமை என்பதை அவை சட்டப்படி வரையறுக்க வேண்டும். இல்லையேல், எல்லையில் அமைதி திரும்பினாலும் ஹிராகுட் கால்வாய்க் கரைகளில் அமைதி திரும்பாது.