வேலியில் போன ஓணான்

எங்கள் ஊருக்கு 'ஆன்டிபாடி' என்ற வார்த்தை வந்தது வெங்காய லாரியில்!

2020 மே மாதம் கொரோனாவுக்காகக் கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, மொத்த வியாபாரத்தையும் திருமழிசைக்கு மாற்றினார்களே, அப்போதுதான். அதுவரை திருமழிசை என்றால் ஒரு ஆழ்வார், ஒரு சிட்கோ எஸ்டேட், பூந்தமல்லி தாண்டியதும் கண்டக்டர் போடும் ஒரு சத்தம். அவ்வளவுதான். திடீரென்று ராத்திரி முழுக்க லாரி. லாரியோடு பயம். பயத்தோடு டெஸ்ட். "எனக்கு ஆன்டிபாடி இருக்குன்னு ரிப்போர்ட் வந்துடுச்சு" என்று டீக்கடையில் ஒருத்தர் சொன்னால், 'எனக்கு அண்ணா நகரில் ரெண்டு கிரவுண்டு இருக்கு' என்று சொன்ன மாதிரி மற்றவர்கள் பார்ப்பார்கள்.

மார்க்கெட் அந்த வருஷமே கோயம்பேட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது. வார்த்தை மட்டும் எதிர்வீட்டுப் பையன் மண்டைக்குள் தங்கிவிட்டது. அப்போது ப்ளஸ் ஒன் சேர இருந்தவன், இப்போது பி.எஸ்ஸி. முடித்துவிட்டு "எம்.எஸ்ஸி. இம்யூனாலஜி படிப்பேன், அப்புறம் பிஎச்.டி." என்று நிற்கிறான். அவன் அப்பா சிட்கோவில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றினார்.

"தம்பி, நீதான் பேப்பர்ல எல்லாம் எழுதறியே... அவனுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லு. பேங்க் பரீட்சை எழுதச் சொல்லு. ஆன்டிபாடி சோறு போடுமா?"

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே செல் எக்ஸெல்லில் இருப்பது. ஆனால் அண்ணன் கேட்டுவிட்டார். பையனைக் கூப்பிட்டு, பெரிய மனுஷன் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்:

"இந்தப் படிப்பைப் படிச்சு, நம்ம ஊர்ல யாராவது உருப்படியா ஏதாவது செஞ்சிருக்காங்களாப்பா?"

"மதுரையில ஒருத்தர் ஓணானுக்கு ஊசி போட்டாருண்ணா" என்றான்.

அண்ணன் என்னைப் பார்த்தார். 'பாத்தியா, இதான் நிலைமை' என்கிற பார்வை.

ஓணான் என்றால் எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்து, அதன் வாயில் மூக்குப்பொடி வைத்து ஆடவிட்ட கோஷ்டியில் நானும் ஒருவன். கேட்டால் கைவசம் நியாயம் இருந்தது. ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் வேறு எதையோ கொடுத்ததாம். ராமருக்காக நாங்கள் பழிவாங்கிய ஓணான்கள் கணக்கில்லை. (பெருமாள் மன்னிப்பாராக.)

அதே ஓணானைத்தான் பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பன் மதுரைப் பல்கலைக்கழகத்தில் மேஜைமேல் வைத்தார். பின்னால் காமராஜர் பெயர் சேர்ந்ததே, அதே பல்கலைக்கழகம். பையன் சொன்னதைக் கேட்டுவிட்டு அன்று ராத்திரி போனில் தேடித் தேடிப் படித்தேன். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாத ராத்திரிகளைத் தவிர நான் அவ்வளவு நேரம் விழித்திருந்தது கிடையாது.

1970-ல் அவரும் கூட வேலை செய்தவர்களும் ஓணான் முட்டைக்குள் கரு எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்று ஒரு அட்டவணையே போட்டார்கள். 1972-ல் அவரும் கனகாம்பிகா என்ற ஆராய்ச்சியாளரும் எழுதிய கட்டுரை 'ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி'யில் வந்தது. விஷயம் இதுதான்: ஆட்டின் ரத்தச் சிவப்பணுவை ஓணானுக்கு ஊசியில் ஏற்றினால், 'இது நம்ம சரக்கு இல்லை' என்று ஓணான் கண்டுபிடித்து, எதிர்த்து ஆன்டிபாடி தயாரிக்கிறதா? தயாரிக்கிறது. வேலியில் தலையாட்டிக்கொண்டிருக்கும் அந்த ஜந்துவுக்குள்ளும் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்து கேட்டில் ஐ.டி. கார்டு செக் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

"சரிப்பா, ஓணான் ஆன்டிபாடி தயாரிச்சா நமக்கென்ன?" இது அண்ணன் கேள்வி. வாய்விட்டுக் கேட்கவில்லையே தவிர, என் கேள்வியும் அதுதான்.

இதற்குக் கோழிக் கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்று ஒரு மாணவர். கோழிக்கு வால் பக்கம் 'பர்ஸா' என்று ஒரு சின்னப் பை உண்டு. (லத்தீனில் பர்ஸா என்றால் பை. நம்ம பர்ஸும் அதே வம்சம்தான். மாசக் கடைசியில் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாதது இரண்டுக்கும் பொது.) அது எதற்கு என்று பார்க்க, கோழிகளுக்கு அந்தப் பையை வெட்டி எடுத்தார் கிளிக். கோழிகள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றும் விளங்கவில்லை. பிறகு திமதி சாங் என்ற சக மாணவர், வகுப்பில் ஆன்டிபாடி உண்டாவதைச் செய்து காட்ட இரவல் கோழி கேட்டார். கிளிக் கொடுத்தவற்றில் இந்த ஆபரேஷன் கோழிகளும் இருந்தன. ஊசி போட்டால் அவற்றில் ஆன்டிபாடியே வரவில்லை! வகுப்பில் மானம் போனது. விஞ்ஞானத்துக்கு வழி கிடைத்தது. கட்டுரையை 'சயின்ஸ்' பத்திரிகை வேண்டாம் என்று திருப்பிவிட, 1956-ல் 'போல்ட்ரி சயின்ஸ்' என்ற கோழிப்பண்ணைப் பத்திரிகையில் வந்தது. இன்று உலகமே சொல்லும் 'பி செல்', ஆன்டிபாடி தயாரிக்கும் செல், அதில் உள்ள 'பி' கோழியின் பர்ஸாதான்.

1961-ல் லண்டனில் ஜாக் மில்லர், சுண்டெலியின் நெஞ்சுக்கூட்டில் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுத்துப் பார்த்தார். அதிலிருந்து வந்தது 'டி செல்'. ஆக, கோழிக்கு இப்படி, எலிக்கு அப்படி. இரண்டுமே ஊர்வன வம்சத்திலிருந்து பிரிந்து வந்தவை. அப்படியென்றால் நடுவில் இருக்கிற ஊர்வனவுக்கு எப்படி? மூல தஸ்தாவேஜைப் பார்த்தால்தானே சொத்து யாருக்கு வந்தது என்று தெரியும்! தஸ்தாவேஜு நம் ஊர் வேலியில் ஓடிக்கொண்டிருந்தது. இலவசம் வேறு.

முத்துக்கருப்பனோடு ஆர்.எம். பிச்சப்பன் என்ற ஆராய்ச்சியாளரும் சேர்ந்தார். ஓணானின் தைமஸ் எப்படி உருவாகிறது, அதன் மண்ணீரலில் எந்தப் பகுதி தைமஸை நம்பிப் பிழைக்கிறது என்று இருவரும் 1977-ல் எழுதினார்கள். நாம் ஓணானுக்குப் பொடி போட்டோம். அவர்கள் ஒவ்வொன்றையும் வளர்த்து, ஆபரேஷன் செய்து, மண்ணீரலைச் சீவி, மைக்ராஸ்கோப்பில் செல் எண்ணினார்கள். எண்ணுவது எவ்வளவு அலுப்பான வேலை என்று ஸ்டாக் எடுத்தவனுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. 1975-ல் அமெரிக்காவில் மேத்யூ குளூகர் கோஷ்டி பாலைவன இக்வானா பல்லிகளுக்கு நோய்க்கிருமியை ஏற்றிப் பார்த்தது. பல்லி குளிர்ரத்தப் பிராணி, தானாக ஜுரம் வராது. அதனால் சூடான இடத்தில் போய் உட்கார்ந்து ஜுரத்தை வரவழைத்துக்கொள்ளும். சூட்டில் வைத்தவை அதிகம் பிழைத்தன. குளிரில் வைத்தவை அதிகம் செத்தன. நமக்கு 99 டிகிரி என்றால் மாத்திரையைத் தேடுகிறோம். பல்லி வெயிலைத் தேடுகிறது.

முத்துக்கருப்பன் ஓணானோடு நிற்கவில்லை. 1965-ல் அவர் எழுதியது சுண்டெலியின் கண் லென்ஸ் உருவாவது பற்றி. 1979-ல் ராபர்ட் அவர்பாக்கோடு சேர்ந்து எழுதிய கட்டுரை எலியின் கருவிழியில் புது ரத்தக் குழாய் முளைப்பது பற்றி. வந்தது 'சயின்ஸ்' பத்திரிகையில், கோழியைத் திருப்பி அனுப்பிய அதே பத்திரிகையில்! டைஃபாய்டு வகைக் கிருமியின் மேல்தோல் புரதம் பற்றிக் கொஞ்ச காலம். கடைசியில் மதுரை அரவிந்த் கண் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பில், கருவிழியைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்லை எப்படி அடையாளம் காண்பது என்பதில் வேலை. 2005-ல் அதுபற்றிக் கட்டுரை. கண்ணில் ஆரம்பித்து, ஓணான் வழியாகச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்கே வந்து சேர்ந்த மனிதர்.

பிச்சப்பன் வேறு பக்கம் போனார். நம் செல்களின் மேல் ஹெச்.எல்.ஏ. என்று ஒரு சமாசாரம் உண்டு. உள்ளே வந்த கிருமியின் துண்டைத் தட்டில் வைத்து ஏந்தி, 'இதைப் பாருங்க' என்று டி செல்லிடம் காட்டும். தட்டின் டிசைன் ஆளுக்கு ஆள் வேறு. தென்னிந்திய காசநோயாளிகளிடம் 'டி.ஆர்.2' என்ற டிசைன் கூடுதலாக இருக்கிறது என்று அவர் குழு 1991-ல் எழுதியது. தட்டைத் தேடிப் போனவர் மரபணுவுக்குள் நுழைந்து, ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே ஆஸ்திரேலியா வரை நடந்தவர்களின் அடையாளம் மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது என்று காட்டும் வரை போனார்.

காசநோய் என்றதும் அண்ணன் நிமிர்ந்தார்.

"எங்கக்காவுக்கு வந்துதுப்பா" என்றார். "பத்தொம்பது வயசுல. ஒன்றரை வருஷம் மருந்து. பிழைச்சிடுச்சு. ஆனா பேசி வச்ச கல்யாணம் நின்னுபோச்சு. அப்புறம் நடக்கவே இல்ல. சின்ன வயசுல எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ஊசி போட்டாங்க, திருவள்ளூர் பக்கம் எங்க கிராமத்துல. கியூவுல நின்னது ஞாபகம் இருக்கு."

பையனுக்கு அந்த ஊசி பற்றித் தெரிந்திருந்தது. 1968-லிருந்து 1971 வரை திருவள்ளூர் வட்டாரக் கிராமங்களில் சுமார் 2,80,000 பேருக்குப் போட்டார்கள். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பி.சி.ஜி. பெரியவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து காப்பாற்றுகிறதா என்று பார்க்க உலகத்திலேயே பெரிய சோதனை. ஏழரை வருஷம் கழித்துக் கணக்கைப் பார்த்தால், போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை! மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் ஒன்றுவிட்ட பங்காளிக் கிருமிகள் முன்கூட்டியே நம் உடம்போடு பழகிவிட்டதுதான் காரணம் என்று ஒரு கட்சி. வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு. கைக்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் மாதிரி கடுமையான காசநோய் வராமல் அது தடுப்பதால் இன்றைக்கும் பிறந்தவுடன் போடுகிறார்கள். நம் கையில் இருக்கும் தழும்பு வீண் இல்லை.

அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டித் தன் தழும்பைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப அக்காவுக்குப் போட்டது மருந்தா, தண்ணியா? கண்டுபிடிக்க முடியுமாடா?"

"அது தெரியலப்பா. ஆனா ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே நாள் ஊசி. அத்தைக்கு ஏன் வந்துது, உனக்கு ஏன் வரல? அதைத்தான் நான் படிக்கணும்னு சொல்றேன்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, பையன் மனசை மாற்றுவது. அதை மறந்து, 2023-ல் மத்திய அரசு ஜே.ஆர்.எஃப். உதவித்தொகையை 31,000-லிருந்து 37,000 ஆக்கியதை நானே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பரீட்சை பாஸ் பண்ண வேண்டும், இடம் கிடைக்க வேண்டும், பணம் சில மாசம் தாமதமாக வரும், அஞ்சாறு வருஷம் ஆகும், அதற்கப்புறம் வேலை நிச்சயம் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். இதையும் சொன்னேன். பேங்க் பரீட்சையிலும் யாரும் எழுதித் தருவதில்லை என்றான் பையன். நியாயம்தான்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறேங்கறான்" என்றார் அண்ணன். குரலில் கோபம் இல்லை. எழுந்து செருப்பை மாட்டினார். ஒரு செருப்போடு நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, அந்த முப்பத்தேழாயிரத்துல டி.டி.எஸ். பிடிப்பாங்களா?"

அன்றைக்குக் காலையிலிருந்து எனக்கு பதில் தெரிந்த முதல் கேள்வி அதுதான்.