வாய்க்காலுக்கு மேற்கு

புதுச்சேரிக்குப் போனவர்கள் பாரதி பூங்காவில் அந்த வெள்ளை மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் நின்று போட்டோகூட எடுத்திருப்பீர்கள். ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் முத்திரையில் இருப்பதும் அதுதான்.

ஆயி யார்? கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கொளியில் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம். கும்பிட்டது இவர் தப்பு, இடிபடுவது அவள் வீடு! ‘நானே இடித்துவிடுகிறேன்’ என்று கெஞ்சிய ஆயி, அந்த இடத்தில் ஊருக்காக ஒரு குளம் வெட்டினாள். 300 வருடம் கழித்து, முத்திரையர்பாளையத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆயி கதையைக் கேட்ட மூன்றாம் நெப்போலியன் மண்டபம் எழுப்பச் சொன்னார் என்கிறார்கள்.

கதையில் நிஜம் எவ்வளவோ, போகட்டும். குளம் வெட்டியவளின் நினைவை அரசு முத்திரையில் வைத்திருக்கும் ஊர், தன் ஏரிகளை என்ன செய்கிறது?

முத்திரையர்பாளையத்துக்குப் பக்கத்தில்தான் கதிர்காமம். “கனகன் ஏரிக்குப் போகணும்” என்றேன் ஆட்டோக்காரரிடம். “வாக்கிங் போற இடம்தானே சார்?” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாம் எல்லோருமே ஏரியை அப்படித்தான் ஆக்கி வைத்திருக்கிறோம். கரையில் நடைபாதை, கைப்பிடிக் கம்பி, செல்ஃபி எடுக்க ஒரு மூலை. இதற்குப் பெயர் அழகுபடுத்துதல். தண்ணீர் எந்த வழியாக ஏரிக்குள் வரும், நிரம்பினால் எந்த வழியாகப் போகும் என்று கேளுங்கள். எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

ஏரிக்கு உயிர் வரத்து வாய்க்காலில் இருக்கிறது. ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால். அதை வெட்டியதும் பங்காரு என்ற தாசிதான் என்று ஒரு கதை உண்டு. (அந்தக் காலத்தில் பொதுப்பணித் துறையை இவர்கள்தான் நடத்தியிருக்கிறார்கள் போல!) இப்படிப் புதுச்சேரிப் பகுதியில் மட்டும் 84 ஏரிகள். ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததற்கு.

இதையெல்லாம் காபந்து பண்ண ஆள் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் விவசாயிகளே பொது நிதி வைத்துப் பராமரித்தார்கள். மடை திறந்து மூட நீர்பாய்ச்சி இருந்தார். அது பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ராத்திரி மழையில் கரையைக் காத்தவர் பெரும்பாலும் சேரிக்காரர். அறுவடையில் அவருக்குக் கொஞ்சம் நெல், அவ்வளவுதான். ஏரி யாருடையது என்ற பேச்சில் அவருக்கு இடம் கிடையாது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் இந்த 84 ஏரிகளைச் சீரமைத்தபோதுதான், ஏரிச் சங்கங்களில் நிலமில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் நாற்காலி போட்டார்கள். உருப்படியான வேலை. ஆனால், வயலே இல்லாத நகரத்து ஏரிக்கு எந்தச் சங்கம்? யார் நீர்பாய்ச்சி?

‘வயல்தான் போயிடுச்சே, இனிமே ஏரி எதுக்கு?’ என்று கேட்பவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். படித்தவர்கள்தான். இந்த நகரம் குடிப்பது முழுக்க நிலத்தடி நீர். கடலோரத்தில் அதில் உப்பு ஏறிவிட்டது. பூமிக்குள் நல்ல தண்ணீரை இறக்குவது பின்னே எது, செயற்கை நீரூற்றா?

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை. அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் திணறும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால், தண்ணீர் புகுந்த தெருக்களில் நின்று பார்த்தால் ஒன்று புரியும். அது வழி தவறி வரவில்லை. பழைய வழியில்தான் வந்தது. நடுவில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நாம்.

கதிர்காமத்தில் நண்பர் வீட்டில் முட்டியளவு தண்ணீர். அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே நனைந்த பீரோவிலிருந்து காகிதங்களை எடுத்து ஃபேனுக்கடியில் காயவைத்துக்கொண்டிருந்தார். அதில் வீட்டுப் பத்திரமும் இருந்தது. பொழுது போகாமல் படித்தேன். நான்கு எல்லைகளில் ஒன்று, ‘வாய்க்காலுக்கு மேற்கு’.

எட்டிப் பார்த்தேன். வீட்டுக்குக் கிழக்கே சிமென்ட் ரோடு. எதிர்வரிசையில் மாடி வீடுகள்.

“வாய்க்கால் எங்கே?” என்றேன். “நான் வாங்கும்போதே இல்லையே” என்றார் நண்பர். வித்தவரும் அதைத்தான் சொல்வார். மனையாகப் பிரித்தவரும் சொல்வார், அனுமதி கொடுத்த அதிகாரியும் சொல்வார்.

கனகன் ஏரிக்கு அடுத்த கைப்பிடிக் கம்பி வாங்குமுன், அதன் வரத்து வாய்க்கால்கள் பழைய வரைபடத்தில் எங்கே ஓடின, இன்று எந்தத் தெருவுக்கு அடியில் கிடக்கின்றன என்று அரசு தெருத் தெருவாகப் பலகை வைக்கட்டும். அதுவரை நீங்களும் உங்கள் பத்திரத்தை எடுத்து அந்த நான்கு எல்லைகளை ஒருதரம் படித்துப் பாருங்கள். பீரோ நனைவதற்கு முன்பே.