மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையா?
கடலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

2025 அக்டோபரில் வேப்பூர் பக்கம் கழுதூரில், மக்காச்சோள வயலில் வேலை செய்துகொண்டிருந்த 4 பெண்களை மின்னல் கொன்றது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022இல் நாடு முழுக்க மின்னலுக்குப் பலியானவர்கள் 2,887 பேர். எச்சரிக்கை தர ‘தாமினி’ செயலி இருக்கிறது. ஆனால் களை வெட்டுகிறவர்களின் செல்போன் வரப்பில் பைக்குள் கிடக்கும். ஊராட்சி ஒலிபெருக்கியில் அறிவித்தால்தான் செய்தி வயலுக்குப் போய்ச் சேரும்.

வயலுக்கு அது போதும். கூரைக்குக் கீழே இருக்கும் ஆபத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

பெண்ணாடத்தில் இடி இடித்தால் டிவி வயரைப் பிடுங்காத வீடு அரிது. பிடுங்குவது சரிதான்; இடி நெருங்குவதற்கு முன்பே பிடுங்க வேண்டும். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையே 3 விநாடி என்றால் மின்னல் விழுந்தது ஏறக்குறைய 1 கிலோமீட்டர் தள்ளித்தான். அந்த நேரத்தில் பிளக்கைத் தொடுவதே ஆபத்து. நேரடியாக விழாவிட்டாலும், ஈபி லைன், கேபிள் வயர் வழியாக மின்னழுத்தம் வீட்டுக்குள் பாயும். அதைத் தடுக்க விற்கும் சர்ஜ் புரொடெக்டர், பாய்ந்து வரும் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி. எர்த் இல்லாவிட்டால் பெரும்பாலும் பயனில்லை. பல பழைய கட்டடங்களில் பிளக் பாயிண்டின் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டைதான். உள்ளே கம்பியே இருக்காது.

எர்த் இல்லாத கம்பி என்ன செய்யும் என்பதற்கு 1753ஆம் ஆண்டே சாட்சி. செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ஜார்ஜ் ரிச்மன் என்ற இயற்பியலர், கூரைமேல் நட்ட கம்பியை வீட்டுக்குள்ளிருந்த அளவுக்கருவியோடு இணைத்திருந்தார். அது மண்ணோடு இணைக்கப்படவில்லை. இடிமழையின்போது கருவியைப் பார்க்கக் குனிந்தவர் அங்கேயே இறந்தார்.

பள்ளி ஆய்வகங்களில் இதே சிக்கல் சிறிய அளவில் நடக்கிறது. மாணவர்கள் ஆர்டுயினோ போர்டுகளையும் சென்சார்களையும் கையில் எடுக்கிறார்கள். பாலியஸ்டர் சீருடையும் பிளாஸ்டிக் நாற்காலியும் உரசினால் உடம்பில் நிலைமின்சாரம் சேரும். சுமார் 3,000 வோல்ட் சேர்ந்தால்தான் விரலில் சுரீர் என்று தெரியும். சில சிப்புகள் கெட்டுப்போக 100 வோல்ட்டே போதும். ‘ஷாக் அடிக்கவில்லையே’ என்பதால் போர்டு பிழைத்தது என்று சொல்ல முடியாது. 1 மெகா ஓம் ரெசிஸ்டர் பொருத்திய மணிக்கட்டுப் பட்டை இதற்குத் தீர்வு. அந்தப் பட்டையைக் கொண்டுபோய் மாட்டவும் நல்ல எர்த்தே வேண்டும்.

ஆகவே கோரிக்கை ஒன்றுதான். அரசுப் பள்ளிகள், அங்கன்வாடிகள், ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆண்டுக்கொரு முறை எர்த் மீட்டர் வைத்து அளக்க உத்தரவிடுங்கள். எர்த் அமைப்புக்கான ஐஎஸ் 3043 தரக்குறிப்பு நடைமுறையில் இருக்கிறது. புதிய விதி எதுவும் தேவையில்லை. கோடையில் எர்த் குழி காய்ந்தால் மண்ணின் மின்தடை ஏறும், அதனால் அளவீடு ஏப்ரலில் நடக்கட்டும். அளந்த ஓம் எண்ணையும் தேதியையும் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் பெயின்ட்டில் எழுதிவைத்தால், பெற்றோரே பார்த்துக் கேள்வி கேட்பார்கள்.

இப்படிக்கு,
பெண்ணாடம் பகுதிப் பெற்றோர்