தொலைந்துபோன ஓர் ‘ஆம்’: சைலேன் மன்னாவின் பொருட்டு

“வெறுங்காலுடன் ஆட ஃபிஃபா அனுமதி மறுத்ததால் 1950 உலகக் கோப்பையில் இந்தியா பங்கேற்கவில்லை.” இந்த வாக்கியத்தை எத்தனை முறை படித்திருப்பீர்கள்? விளையாட்டுச் சமூகவியல் கட்டுரைகளின் முன்னுரையிலும், பின்காலனியம் பற்றிய கருத்தரங்குகளின் தொடக்கவுரையிலும், முதுகலை மாணவர்களின் விடைத்தாள்களிலும் இதைக் கண்டுகொண்டே இருக்கிறேன். பெரும்பாலும் அடிக்குறிப்பு இராது. இருந்தால் அது வேறொரு கட்டுரைக்கு இட்டுச்செல்லும். அந்தக் கட்டுரையில் அடிக்குறிப்பு இராது.

மொழியியல் படித்தவர்களுக்கு இதில் உறுத்துவது ஒன்று உண்டு. இதே செய்தியைத் தமிழில் நேர்மையாகச் சொல்வதானால் ‘அனுமதி மறுத்ததாம்’ என்றுதான் சொல்ல முடியும். தான் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்துக் காட்ட ஒற்றை இடைச்சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம்’ என்று கதை தொடங்கும் பாட்டி, அந்த ராஜாவைத் தான் பார்த்ததாக ஒருபோதும் சொல்வதில்லை. பழைய இலக்கண நூலோரும் பிறர் கூற்றை ‘என்ப’ என்று சொல்லித் தனியே வைத்தனர். நமது ஆய்வுநடை மட்டும் அந்த ‘ஆம்’ என்பதை உரித்தெறிந்துவிட்டுக் கேள்விப்பட்டதை வரலாறாக அச்சிடுகிறது.

இந்தக் கதையால் இழப்புக்கு உள்ளான மனிதர் ஒருவர் இருக்கிறார். சைலேன் மன்னா, 1924இல் ஹவுராவில் பிறந்தவர். 1942 முதல் 1960 வரை மோகன் பகான் அணியின் பின்களத்தில் ஆடியவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடினார். 1951 தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்குத் தலைமை தாங்கினார். பிழைப்புக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை. 1950இல் இந்தியா பிரேசிலுக்குச் சென்றிருந்தால் அவரே அணித்தலைவராக இருந்திருப்பார் என்பது பரவலான கருத்து. அவர் மறைந்தது 2012 பிப்ரவரியில். அதாவது, நம் துறையில் இன்று பேராசிரியர்களாக இருப்போர் பலர் முனைவர் பட்டம் பெற்ற காலத்தில் அவர் கொல்கத்தாவில் உயிரோடு இருந்தார். கேட்டவர்களுக்கு விடையும் சொன்னார். உலகக் கோப்பையைப் பற்றி அன்று தங்களுக்கு ஒன்றும் தெரியாது, ஒலிம்பிக்தான் தங்களுக்கு எல்லாமாக இருந்தது என்பதே அவர் பேட்டிகளில் சொன்னதன் சாரம். வெறுங்கால் தடையை அவர் காரணமாகச் சொல்லவில்லை.

காலவரிசையைப் பாருங்கள். 1948இல் லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில் பிரான்சுக்கு எதிராக இந்தியர் பெரும்பாலோர் வெறுங்காலுடன்தான் ஆடினர்; 1-2 எனத் தோற்றனர். 1950இல், ஆசியத் தகுதிச் சுற்றில் பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகியவை விலகிக்கொண்டதால், ஆடாமலேயே இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவே இருந்த பிரிவில் சேர்க்கப்பட்டது. பயணச் செலவின் பெரும்பகுதியை ஏற்கப் பிரேசில் முன்வந்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தந்த காரணங்கள் அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, போதிய பயிற்சிக் காலம் இன்மை என்பன. பிறகு 1952இல், மன்னாவின் தலைமையில், ஹெல்சிங்கியில் மீண்டும் சிலர் பூட்ஸ் இன்றி ஆடினர். ஒலிம்பிக் கால்பந்தும் ஃபிஃபாவின் விதிகளின்படி நடந்ததே. யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்று வந்த பிறகுதான் காலணி கட்டாயம் என்ற முடிவைக் கூட்டமைப்பு எடுத்தது. 1950இல் ஒரு நாட்டையே வீட்டில் நிறுத்திவைத்த வெறுங்கால், 1952இல் எப்படிக் கடல்கடந்து போயிற்று?

இவை எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. போரியா மஜும்தாரும் கௌசிக் பந்தோபாத்யாயும் 2006லேயே இந்தியக் கால்பந்து வரலாற்றை விரிவாக எழுதிவிட்டனர். அப்படியிருந்தும் கதை சாகவில்லை. காரணம் எளிது: எல்லோருக்கும் அது இனிக்கிறது. காலணியறியாக் கீழைத்தேயத்தானைக் காண விரும்பும் ஐரோப்பிய எழுத்தாளருக்கு அது வேடிக்கை. ‘எங்கள் மரபை விட்டுக்கொடோம்’ என்று முழங்க விரும்புவோருக்கு அது வீரம். 1911இல் கிழக்கு யார்க்‌ஷயர் படையணியை வென்று கேடயம் பெற்ற மோகன் பகானின் நினைவு அதற்கு ஒளி சேர்க்கிறது. (அந்த அணியிலும் ஒருவர் பூட்ஸ் அணிந்திருந்தார்: சுதீர் சட்டர்ஜி, இடப்புறப் பின்கள வீரர், பிற்காலத்தில் மன்னா ஆடிய அதே இடத்தில் ஆடியவர். இதைச் சொன்னால் கதையின் சுவை கெடும் என்பதால் பலர் சொல்வதில்லை.) எல்லோரையும் விட மிகுந்த பயன் நிர்வாகிகளுக்கு. அவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து எடுத்த முடிவு, ஆட்டக்காரரின் பாதத்தின் மேல் சுமத்தப்பட்டுவிட்டது. செயப்பாட்டு வினை செய்பவரை மறைக்கும் என்று முதலாண்டு மாணவருக்குச் சொல்லித் தருகிறோமே, அதன் உயிருள்ள எடுத்துக்காட்டு இது: ‘அனுமதி மறுக்கப்பட்டது.’

மன்னா பின்கள வீரர் என்பதும் தற்செயலன்று. கால்பந்தின் ஆவணம் கோல்களை மட்டுமே எழுதிவைக்கிறது. தடுப்பவரின் வேலை நிகழாமல் போனவற்றில் இருக்கிறது; நிகழாதவற்றுக்குப் பட்டியல் இல்லை. 1951இல் தில்லியில் இந்தியா இந்தோனேசியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0, இறுதியில் ஈரானை 1-0 என வென்றது. ஈரானுக்கு எதிரான கோலை அடித்த மேவாலாலின் பெயர் எல்லாக் குறிப்புகளிலும் உண்டு. மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட விடாத பின்களத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியவரைத் தேடிப்பாருங்கள். 1948 ஆட்டத்தில் மன்னா தவறவிட்ட பெனால்டி உதையோ எங்கும் பதிவாகியிருக்கிறது. தொலைவிலிருந்து அவர் அடிக்கும் ஃப்ரீ கிக்கின் வலிமையை அவரோடு ஆடியோரும் பார்த்தோரும் ஆண்டுக்கணக்கில் பேசினர். அந்தப் பேச்சை எடுத்துப் பாதுகாத்திருக்க வேண்டிய வாய்மொழி வரலாற்று ஆய்வாளர்கள், ஆறாம் ஜார்ஜ் மன்னர் அவர் காலைத் தொட்டு இரும்பா என்று பார்த்தாராம் என்ற துணுக்கோடு நிறைவடைந்துவிட்டனர். பத்தொன்பது ஆண்டு ஆட்டவாழ்வில் நமக்கு வேண்டியிருந்தது ஒரு சோடிக் கால் மட்டுமே!

மன்னாவின் சொல்லும் பல்லாண்டு கழித்து வந்த நினைவுதானே, அதை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வீரர்களுக்குத் தெரியாத காரணம் கூட்டமைப்பின் அறையில் இருந்திருக்கலாம். அமெச்சூர் தகுதி பற்றிய அச்சமும் நெடுங்கடல் பயணமும் அங்கே பேசப்பட்டிருக்கலாம். ஆனால் பங்கேற்றவரின் சாட்சியத்தை ஐயுறுவதற்கும், அவரிடம் கேளாமலே இருப்பதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. சாட்சியத்தின் வரம்புகளைப் பற்றி இவ்வளவு கோட்பாடு படிக்கும் நாம், எழுதியவர் இன்னாரென்றே தெரியாத ஒரு வாக்கியத்திடம் அந்தக் கோட்பாடுகளில் ஒன்றையேனும் காட்டியதுண்டா?

‘அழகான கதைதானே, யாருக்கு என்ன கேடு’ என்போருக்கு என்னிடம் பொறுமை இல்லை. ஓர் அணி தன் வாழ்நாளில் பெற்ற ஒரே உலகக் கோப்பை அழைப்பை யார், எந்தக் கணக்கில் கைவிட்டார்கள் என்ற கேள்வியை அந்த அழகு அறுபது எழுபது ஆண்டுகளாகத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. கோப்புகளைக் கேட்க ஆளில்லை. கேட்கத் தேவையில்லை என்று வாக்கியம் சொல்லிவிட்டது.

அடுத்த பருவத்தில் நான் திருத்தும் விடைத்தாள்களில் இந்த வாக்கியம் வந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டு ‘யார் சொன்னார்?’ என்று எழுதப்போகிறேன். ‘மறுத்ததாம்’ என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.